ஒட்டச் சொன்னார்கள், ஒட்டிவிட்டோம்

ராத்திரி எட்டரை மணிக்கு மேல் எந்த ஊர் ஃபேன்சி ஸ்டோரிலும் ஒரு அப்பாவைப் பார்க்கலாம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் திருப்பி அனுப்பப்பட்டவர். வளையலும் ஹேர் கிளிப்பும் வாங்க வந்த பெண்களுக்குப் பின்னால் நின்று எக்கி எக்கிக் கேட்பார்.

"அண்ணே, டொமஸ்டிக் அனிமல்ஸ் இருக்கா?"

"அது சாயங்காலமே தீந்துட்டுல்லா சார். வைல்ட் அனிமல்ஸ் இருக்கு. ஃப்ரூட்ஸ் இருக்கு. தேசத் தலைவர்கள் இருக்கு."

"டொமஸ்டிக்தான்ணே வேணும். நாளைக்குக் கொண்டு போவணும்."

"நேத்தே வந்திருக்கணும். ஒரு கிளாஸ் பூராவும் வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ."

கடை கடையாக அலைந்து அந்தப் படத்தாள் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் பிள்ளை தூங்கி வழிகிறது. கத்தரிக்கோலை அதன் கையில் கொடுக்க முடியாது. அம்மா வெட்டுகிறாள், அப்பா பசை தடவுகிறார். பசு, எருமை, ஆடு, நாய், பூனை ஐந்தும் ஸ்கிராப் புக்கில் வரிசையாக ஏறுகின்றன. பெயரையும் அம்மாவே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுகிறாள், பிள்ளை எழுதினால் கோணிக்கொண்டு போகும் என்று. மறுநாள் மிஸ் ஒரு டிக் அடித்து, பக்கத்தில் 'குட்' என்று எழுதி, மேலே ஒரு நட்சத்திரத்தையும் ஒட்டிக் கொடுக்கிறார். அந்த நட்சத்திரம் அம்மாவுக்கா அப்பாவுக்கா என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை அமர்க்களத்திலும் பிள்ளை செய்தது ஒன்றே ஒன்று, நோட்டைப் பையில் வைத்துச் சுமந்து போனது. இதற்குப் பெயர் ஆக்டிவிட்டி. இதன் வழியாகப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் வந்துவிடுமாம்.

நான் பணி ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை. பேரன் யூ.கே.ஜி., பேத்தி இரண்டாம் வகுப்பு. இந்த வயதில் எனக்கு ரத்தக் கொதிப்பு வரக் காரணம் உப்பு என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார். என் கணக்கில் ஸ்கிராப் புக்குக்குத்தான் அதில் பெரும் பங்கு.

படத்துக்கு நான் எதிரி இல்லை. எங்கள் காலத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாதி நாள் படத்தோடுதான் போனது. மின்னட்டை செய்தோம். ஃபிளானல் போர்டு செய்தோம். பலகையில் ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டி, வெட்டிய படங்களின் முதுகில் உப்புத்தாளை ஒட்டிவிட்டால் போதும். படத்தைத் துணிமேல் வைத்ததும் பற்றிக்கொண்டு நிற்கும், எடுத்தால் வந்துவிடும். காக்காயை மரத்தின் மேல் வைக்கலாம், மரத்தடியில் வைக்கலாம், வீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம். 'காக்கா எங்கே?' என்று ஆங்கிலத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு காக்காயை மாற்றி மாற்றி வைத்தால், மேலே, கீழே, பின்னே, நடுவே எல்லாம் ஒரே பீரியடில் ஓடி வரும். அப்புறம் பிள்ளைகளே எழுந்து வந்து காக்காயை நகர்த்தி மற்றவர்களைக் கேட்கும். அங்கே படம் நகர்ந்தது, அதனால் பேச்சும் நகர்ந்தது. இன்றைக்குப் படத்தைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய படத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

படம் நினைவில் நிற்கும் என்பதில் சந்தேகமே இல்லை. கனடா நாட்டு உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-இல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். சொல்லாக மட்டும் உள்ளே போவது ஒரு தடத்தில் பதிகிறது. சொல்லும் படமுமாகப் போவது இரண்டு தடத்தில் பதிகிறது. ஒரு தடம் மங்கினாலும் இன்னொன்று எடுத்துக் கொடுக்கும். ஆனால் இரண்டு தடத்தில் பதிய வேண்டுமானால் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும், அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். தூங்கிப் போன பிள்ளைக்கு எந்தத் தடம்?

சரி, ஒட்டுவது ஒழியட்டும். வகுப்பில் படத்தை வைத்து என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், அங்கேயும் வயிறு எரிகிறது. சார்ட்டில் இருப்பவை பஸ், கார், வேன், கப், ஃபேன், பென்சில், பேக், கேக், ஆப்பிள், டாக்டர், போலீஸ். இதில் எந்தச் சொல் நம் ஊர் நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது? ஆங்கிலம் ஒரு எழுத்துகூட அறியாத எங்கள் தெருப் பூக்காரி "பஸ் போயிட்டு, ஆட்டோவுல வந்தேன்" என்கிறாள். அவள் பேரன் "ஃபேன் போடு" என்கிறான். தெரிந்த சொல்லுக்குத் தெரிந்த படத்தைக் காட்டி, நாற்பது பிள்ளைகளை ஒரே ராகத்தில் 'பி ஃபார் பஸ்' என்று கத்த வைத்துவிட்டு, சொல்வளம் வளர்ந்துவிட்டதாகப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளத் தெரிந்த சொல் வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் புதுச் சொல் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

பிள்ளைக்கு நிஜமாகவே வேண்டிய சொற்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1930-இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒரு பட்டியல் போட்டார். அன்றாடத் தேவைக்கு 850 சொற்கள் போதும் என்பது அவர் கட்சி. போதுமா போதாதா என்று அப்போதே சண்டை நடந்தது, அது நமக்கு வேண்டாம். அவர் அந்த 850-ஐப் பிரித்த விதத்தைப் பாருங்கள். பொருள்களுக்கான சொற்கள் 600. அந்த 600-லும் படமாக வரைந்து காட்டக்கூடியவை என்று அவர் தனியே ஒதுக்கியவை வெறும் 200. எறும்பும் ஆப்பிளும் பந்தும் பையும் அந்த இருநூறில் வருகின்றன. நம் சார்ட் பூராவும் அந்த வகைச் சொற்கள்தான். மீதியில் என்ன இருக்கிறது? வா, போ, கொடு, எடு, வை, சொல், அனுப்பு. உள்ளே, கீழே, முன்னால், அப்புறம். ஏன், எப்போது, எங்கே. ஆனால், அதனால், இன்னும், போதும். பிள்ளையின் வாய் திறப்பதற்கு வேண்டியவை எல்லாம் படம் ஒட்ட முடியாத அந்த 650-இல் இருக்கின்றன. பாத்திரக் கடை மாதிரி பெயர்ச்சொல்லை அடுக்கி அடுக்கி வைத்திருக்கிறோம், அடுப்பு மட்டும் இன்னும் பற்றவைக்கவில்லை.

எழுத்துச் சார்ட் தனிக் கொடுமை. 'ஐ ஃபார் இக்ளூ'. பனிக்கட்டியில் கட்டிய வீடு. எங்கள் பேரன் அந்த வெள்ளைக் கும்மாச்சியைப் பார்த்ததும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆச்சி, ஐ ஃபார் இட்லி!"

பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம் போல இருந்தது. எழுத்தின் ஓசை சரி, வீட்டில் தினமும் பார்க்கிற பொருள், படமும் கிட்டத்தட்ட அதே. இட்லிக்கு ஆங்கில அகராதிகளிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மருமகள் பதறிப்போனாள்.

"அத்தை, நீங்களும் சேந்து சிரிக்காதிய. மிஸ் இக்ளூன்னுதான் குடுத்திருக்காவ. டெஸ்ட்ல இட்லின்னு சொன்னா தப்பு போட்டுருவாவ."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தப்புப் போடத்தான் போடுவார்கள். சில சார்ட்டில் இக்ளூவுக்குப் பதில் ஐஸ்கிரீம் இருக்கும். அது இன்னும் மோசம். இன், இட், இஸ், இங்க் என்று பிள்ளை அடுத்து வாசிக்கப் போகும் சிறு சொற்களில் எல்லாம் அந்த எழுத்துக்கு 'இ' ஓசை. சார்ட்டில் மட்டும் 'ஐ'. 'ஜி' எழுத்துக்கு ஒட்டகச்சிவிங்கி. அந்த எழுத்து கோ, கிவ், கெட், குட் என்று நாள் முழுக்க 'க' ஓசையில் வருகிறது, ஜிராஃபில் 'ஜ' ஆகிவிடுகிறது. 'எக்ஸ்' எழுத்துக்கு சைலஃபோன். அந்தப் பெயரைச் சொல்லும்போது எக்ஸின் ஓசையே வெளியே வராது. பாக்ஸ், ஃபாக்ஸ், சிக்ஸ் என்று கடைசி எழுத்தில் அது கணீரென்று ஒலிக்கிறதே, ஒரு பெட்டியைப் போட்டால் என்ன? முதல் எழுத்தில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? அந்த வாத்தியத்தை மிஸ்ஸும் பார்த்ததில்லை, சார்ட் வாங்கி வந்த தாளாளரும் பார்த்ததில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக எக்ஸுக்கு அதுதான்.

தூரத்துப் பொருள் கூடாது என்று நான் சொல்லவில்லை. திமிங்கலம், வரிக்குதிரை, ராக்கெட் என்றால் பிள்ளைகள் உயிரையே விடும். காணாததைக் காட்டத்தானே படம். இக்ளூவைக் காட்டி "உள்ளே குளிருமா? கதவு எங்கே? உருகிப் போனால் எங்கே போவார்கள்?" என்று கேட்டால் அதுவும் அருமையான படம்தான். யாரும் கேட்பதில்லை. எழுத்தைச் சொல், பொருளைச் சொல், அடுத்ததற்குப் போ. இருபத்தாறு நிறுத்தத்தில் எங்கும் இறங்காத பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்.

முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே இதைவிட நன்றாக யோசித்தவர் ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மொராவியாவைச் சேர்ந்த கொமேனியஸ். லத்தீன் கற்கும் பிள்ளைகளுக்காக அவர் செய்த படப் புத்தகம் 1658-இல் நியூரம்பர்க் நகரில் வெளியானது. பெயர் 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்'. பிள்ளைகளுக்கான படப் பாடநூல்களின் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். அதில் எழுத்துகளை எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? காக்கை கரைகிற ஓசை ஒரு எழுத்துக்கு, ஆட்டுக்குட்டி கத்துகிற ஓசை அடுத்த எழுத்துக்கு. படத்தைப் பார்த்தவுடன் பிள்ளை வாயிலிருந்து அந்த ஓசையே வரும்படி வைத்திருக்கிறார். பெயரின் முதல் எழுத்தைப் பிடித்துத் தொங்கவில்லை.

அப்புறம் வரும் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு காட்சி. ரொட்டி சுடுமிடம், முடிதிருத்தும் கடை, பள்ளிக்கூடம், தோட்டம். காட்சிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். கீழே அந்த எண்களைக் கோத்து வாக்கியங்கள். ரொட்டி சுடுகிறவர் மாவைச் சலிக்கிறார், பிசைகிறார், அடுப்பில் வைக்கிறார் என்று வேலை முழுவதும் ஓடும். ஒரு பக்கம் லத்தீன், பக்கத்திலேயே பிள்ளையின் வீட்டு மொழியான ஜெர்மன். மறுவருஷமே இங்கிலாந்தில் சார்லஸ் ஹூல் என்ற பள்ளி ஆசிரியர் அதை ஆங்கிலமும் லத்தீனுமாகக் கொண்டுவந்தார். இன்னொன்றும் கொமேனியஸ் முன்னுரையில் சொல்கிறார். பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்துத் தாங்களே வரையட்டும் என்கிறார். நிறத்தையும் சுவையையும் மையால் அச்சடித்துக் காட்ட முடியாது, அவற்றுக்கு நிஜப் பொருளையே காட்டுங்கள் என்கிறார். பிள்ளை தானே வரைய வேண்டும் என்று அந்த மனிதர் அன்றைக்கே எழுதிவைத்தார். நாம் ஃபேன்சி ஸ்டோருக்கு ஆள் அனுப்புகிறோம்.

தேர்வில் படம் வந்தால் அது வேறு கூத்து. 'படத்தைப் பார்த்துப் பெயர் எழுது' என்று கேள்வி. வினாத்தாள் நகலுக்கு நகல், அதற்கும் நகல். போன மாதம் பேத்தியின் விடைத்தாளில் ஒரு படம். வாலும் நாலு காலும் உள்ள ஒரு கறுப்புத் திட்டு. அது எலியா, கீரியா, நனைந்த பூனையா என்று தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. குழந்தை துணிந்து 'ரேட்' என்று சரியான எழுத்துகளோடு எழுதியிருந்தாள். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. விடை 'மௌஸ்'. அந்தத் திட்டை வைத்துக்கொண்டு பெரிய எலி, சின்ன எலி என்று எலி நிபுணராலேயே சொல்ல முடியாது. எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு ஆங்கிலச் சொல் எழுதிய பிள்ளைக்கு அரை மதிப்பெண் போனது. அதைவிட, "எனக்கு இங்கிலீஷ் வராது ஆச்சி" என்று ஏழு வயதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாளே, அதற்கு யார் பதில் சொல்வது?

இன்னொரு கேள்வியில் ஆரஞ்சு நிறம் எது என்று நாலு படம். நாலும் கறுப்பு வெள்ளை.

ஆசிரியர்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துவிட முடியாது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். கல்வி உரிமைச் சட்டம் முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று சொல்கிறது. எத்தனையோ கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கற்பித்தல் பொருள் செய்ய ஆசிரியருக்கு வருஷத்துக்கு 500 ரூபாய் என்று ஒதுக்கினார்கள். அதைக் கொண்டு சார்ட், அட்டை, ஸ்கெட்ச் எல்லாம் வாங்கி, மீதியைக் கைக்காசில் போட்டுச் செய்தோம். செய்த பிறகு என்ன நடந்தது? ஆய்வுக்கு அதிகாரி வருவார், எடுத்து மாட்டு. அவர் போய்விட்டார், கழற்றி பீரோவில் பூட்டு. பிள்ளை தொட்டால் கிழிந்துவிடும், கிழிந்தால் அடுத்த ஆய்வுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. பிள்ளைக்காகச் செய்த படம் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தொங்கியது. நான் வேலை பார்த்த பள்ளியில் சார்ட்டின் அடிவிளிம்பே என் தோள் உயரம். கீழே உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புக்கு அதில் தெரிவது அடியில் அச்சடித்த பதிப்பக முகவரி மட்டும்தான்.

நடுவில் நல்லதும் வந்தது, மறைக்கக் கூடாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தபோது, சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகளுக்கென்று கரும்பலகை வந்தது. தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டிப் பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட்டோம். அட்டைகளைப் பிள்ளைகளே போய் எடுத்தார்கள். குறை இல்லாமல் இல்லை. அட்டையிலிருந்து அட்டைக்குத் தாவிப் போகிற அவசரத்தில் பேச்சு குறைந்தது. ஆனாலும் படம் பிள்ளையின் கைக்கு வந்தது. இப்போது 2022-இல் இருந்து 'எண்ணும் எழுத்தும்' திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்கபடி பயிற்சி நூல், ஆட்டம், பாட்டு, படம். நல்ல யோசனைதான். பழகிய இளம் ஆசிரியைகளிடம் கேட்டால், "டீச்சர், சொல்லிக் குடுக்குற நேரத்தவிட அத ஆப்புல ஏத்துற நேரம்தான் கூட" என்று புலம்புகிறார்கள். படத்தை வைத்துப் பேச உட்கார்ந்த நேரத்தில் ஆசிரியையின் கண் போனில்.

தனியார் பள்ளியில் போன் சுவரில் ஏறிவிட்டது, அதற்குப் பெயர் ஸ்மார்ட் போர்டு. அசைகிற படம், ஆடுகிற படம், அமெரிக்க உச்சரிப்பில் பெயர் சொல்கிற படம். கேட்ட கேள்விக்கு அதுவே இரண்டு நொடி விட்டு பதிலும் சொல்லிவிடுகிறது. நாற்பது பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கின்றன. பிளந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. இதற்குத் தனிக் கட்டணம்.

படத்தைக் காட்டிவிட்டால் அர்த்தம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று இவர்கள் நம்புவதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். போகாது. குவைன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1960-இல் இதற்கு ஒரு கற்பனைக் கணக்குப் போட்டார். மொழி தெரியாத ஊருக்கு ஒருவர் போகிறார். முயல் ஒன்று ஓடுகிறது. ஊர்க்காரர் அதைப் பார்த்து ஏதோ ஒரு சொல் சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு முயல் என்றா பொருள், ஓடுகிறது என்றா, காது என்றா, ராத்திரிக் கறி என்றா? சுட்டிக் காட்டுவதால் மட்டும் அது தீராது. தத்துவவாதிக்கு அது தத்துவம், எங்களுக்கு அது தினப்படி அனுபவம். பையன் தண்ணீர் குடிக்கிற படத்தைக் காட்டி 'டிரிங்க்' என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பிள்ளைக்கு டிரிங்க் என்றால் தண்ணீர், கால்வாசிக்கு டம்ளர், மீதிக்கு அந்தப் பையனின் பெயர். கையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் 'டிரிங்க்' என்று ஒரே குரலில் சொல்வதால், உள்ளே மூன்று அர்த்தம் ஓடுவது வெளியே தெரியாது. பையன் குடிக்கிறான், பூனை குடிக்கிறது, மாடு தொட்டியில் குடிக்கிறது என்று மூன்று படம் காட்டுங்கள். கூடவே பையன் சாப்பிடுகிற படம் ஒன்று. அப்போதுதான் எது மாறவில்லையோ அதுதான் டிரிங்க் என்று பிள்ளை தானே பிடிக்கும். ஒரு படம் பெயர் சொல்லும், அவ்வளவே. நாலு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வினை புரியும்.

இதற்குப் பெரிய ஓவியம்கூட வேண்டாம். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கிறிஸ்டீன் கிப்ஸன் என்ற இரண்டு மொழிக் கல்வியாளர்கள் 'இங்கிலீஷ் த்ரூ பிக்சர்ஸ்' என்று ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். அதில் இருப்பவை எல்லாம் குச்சி மனிதர்கள். ஒரு குச்சி மனிதன் மேசையிலிருந்து தொப்பியை எடுக்கப் போகிறான், அடுத்த கட்டத்தில் எடுக்கிறான், அதற்கடுத்ததில் எடுத்துவிட்டான். மூன்று கட்டத்தில் முக்காலமும் முடிந்தது. இலக்கணச் சொல் ஒன்றுகூட இல்லை. நாலு கோடு இழுக்கத் தெரிந்த எந்த ஆசிரியரும் கரும்பலகையில் சாக்பீஸால் இதைப் போட முடியும். கடைக்கும் போக வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

படத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பல பள்ளிகளில் பிள்ளை தமிழில் வாயைத் திறந்தால் அபராதம், இல்லையென்றால் கழுத்தில் அட்டை. ஒரு சந்தைப் படத்தைக் காட்டினால் அதில் சொல்வதற்குப் பிள்ளையிடம் ஆயிரம் இருக்கிறது. "இந்தக் கடைக்காரரு கோவமா இருக்காரு, அந்தப் பாட்டி வெலை கேட்டுட்டு வாங்காமப் போறாவ, நாய் மீனைத் தூக்கப் பாக்குது." இத்தனையும் தமிழில்தான் முதலில் வரும். வரட்டுமே! அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் 'கோபம்' என்பதற்கு ஆங்கிலத்தில் இது, 'தூக்கிக்கொண்டு ஓடுகிறது' என்பதற்கு இது என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்க வேண்டும். தனக்குச் சொல்லத் துடிக்கிற விஷயத்துக்குக் கிடைத்த சொல்லைப் பிள்ளை விடவே விடாது. தமிழை வாசலிலேயே கழற்றிவிட்டு வா என்று சொன்னால் பிள்ளையிடம் மிஞ்சுவது 'டாக்', 'ஃபிஷ்' இரண்டும்தான். அதைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். மிஸ்ஸும் பெயர் சொல்லிவிட்டது, முடிந்தது என்று பக்கத்தைத் திருப்புவார்.

நம் ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் தடங்கல் இல்லாமல் சொல்கிற ஒரு முழு ஆங்கில வாக்கியம் உண்டு. 'மே ஐ கம் இன் மிஸ்?' அதில் ஒரு பெயர்ச்சொல் படம் கிடையாது. 'மே' என்பதற்கு எந்தச் சார்ட்டிலும் படம் இல்லை. 'இன்' என்பதை யாரும் வெட்டி ஒட்டவில்லை. அதைச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள், சொல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டும். தேவை இருந்தது, தினமும் சொன்னார்கள், வந்துவிட்டது. ஐந்து வயதில் இந்த வாக்கியத்தைப் பிடித்த பிள்ளைக்கு எந்த வாக்கியமும் வரும். அடுத்த வாக்கியத்துக்கு நாம் ஒரு தேவையை உண்டாக்கவில்லை. அதனால்தான் மூன்றாம் வகுப்பில் நூறு மிருகத்தின் பெயர் தெரிந்த பிள்ளை, பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முடியாமல் அழுதுகொண்டு நிற்கிறது.

படத்தால் அந்தத் தேவையை உண்டாக்க முடியும். ஒரு படத்தை ஒரு பிள்ளை மட்டும் பார்க்கட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். பாதியை மறைத்து, பின்னால் யார் என்று கேட்கலாம். இரண்டு படத்தில் நாலு வித்தியாசத்தைத் தேடச் சொல்லலாம். அரிசிப் பையில் இருக்கிற படம், தீப்பெட்டிப் படம், சிவகாசிக் காலண்டர் படம், கல்யாண ஆல்பம், வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருக்கிற குரங்கு எல்லாம் படம்தான். காசு கேட்காத படங்கள். கேட்கத் தெரிந்த ஆசிரியருக்கு ஒரே படம் ஒரு வாரம் வரும்.

ஆகவே பள்ளிக்கூடத்து நிர்வாகத்துக்கும் மிஸ்மார்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படம் ஒட்டி வரச் சொல்லாதீர்கள். வரைந்து வரச் சொல்லுங்கள். மாடு பூனை மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், 'இது ஏன் பூனை மாதிரி இருக்கிறது?' என்பதும் ஒரு நல்ல கேள்விதானே. சார்ட்டை ஆணியிலிருந்து கழற்றிப் பிள்ளை கையில் கொடுங்கள். கிழிந்தால் கிழியட்டும். மதிப்பெண் போடும்போது நீங்கள் அச்சடித்த படம் உங்களுக்கே தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிள்ளை இட்லி என்றால் சிரித்துவிட்டு ஒரு டிக் அடியுங்கள். தினமும் ஒரே ஒரு படம், ஒரே ஒரு கேள்வி, பதில் எந்த மொழியில் வந்தாலும் சரி, அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிக் கொடுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் கேட்டால்கூட எங்கள் வீட்டில் கட்டிவிடுகிறோம். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து என் மருமகளுக்கு விரல் காய்த்துவிட்டது. ஆங்கிலம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.